பழநகர்ப் படங்களும் அளவை நெறியும்

அழிந்துபட்ட பழைய நகரங்களை மீட்டும் கண்முன் நிறுத்திக் காட்டும் முயற்சி இக்காலத்தே பெரிதும் வளர்ந்துளது. சுண்ணச்சாந்தினாற் சிறுவடிவங்கள் அமைத்தலும், வண்ண ஓவியங்கள் தீட்டலும், கணிப்பொறியின் துணைகொண்டு தெருவும் மாடமும் கோபுரமும் தோன்ற இயங்குபடங்கள் ஆக்கலும் அம்முயற்சியின் வகைகளாம். அருங்காட்சியகங்களினும் பள்ளி நூல்களினும் கைத்தொலைபேசிகளினும் இப்படங்கள் புகுந்து பரவுகின்றன. பழைய உரோமாபுரியைப் பற்றியோ விசயநகரத்தைப் பற்றியோ ஒரு நூலும் பயிலாத சிறாரும், அந்நகரங்களைத் தாம் கண்டதாகவே கருதும் நிலை உண்டாயிற்று. அக்கருத்து மெய்யோ, ஐயமோ, திரிபோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

சைவசித்தாந்த நூல்கள் பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளை நிறுவப் புகுமுன்னர், அவற்றை அறிதற்குக் கருவியாகிய அளவையின் இலக்கணத்தை வரையறுக்கும். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அளவையைத் தனியே எடுத்தோதியது, அறியும் வழி இன்னதெனத் தெளியாதார்க்கு அறியப்படும் பொருளும் தெளியாது என்பது பற்றியே யாம். அளவைகள் பலவாக எண்ணப்படினும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அவையெல்லாம் அடங்கும் என்பது ஆண்டுப் பெறப்படும். முப்பொருள் ஆராய்ச்சிக்கு உரிய இந்நெறி, மண்ணிற் புதைந்த நகரங்களின் ஆராய்ச்சிக்கும் இழுக்காது பொருந்தும். பொருந்துமாற்றை ஒரோவழி எடுத்துக்காட்டி விளக்குவாம் என்பார்க்கு உரோமாபுரியும் விசயநகரமும் தஞ்சையும் போதிய சான்றாகும்.

முதற்கண், பழநகர்ப் படத்தைக் காண்பான் ஒருவனுக்கு நிகழும் அறிவு யாது? அவன் கண்ணொடு கூடியது படமே அன்றி நகரம் அன்று. படத்தைப் பற்றிய அளவில் அவ்வறிவு காட்சியேயாம். அதன்கண் வழு ஒன்றும் இல்லை. நகரத்தைப் பற்றிய அளவிலோ அது காட்சி அன்று. படம் வரைந்தான் ஒருவன் தான் கருதியறிந்தவற்றையும், பிறர் உரைப்பக் கேட்டவற்றையும், தன் உள்ளத்தாற் புனைந்தவற்றையும் ஒருங்கு சேர்த்து உரைக்கும் உரையேயாம். ஆயின் இவ்வுரை சொல்லால் ஆகாது நிறத்தாலும் வடிவாலும் ஆயதாகலின், கேட்பார் அதனை உரையென்று உணராது காட்சியென்றே கொள்வர். ஒன்றை மற்றொன்றாகக் கோடல் திரிபு எனப்படும். இப்பியை வெள்ளியென்று காண்பான் பொருளிலே திரிகின்றான். பழநகர்ப் படத்தை நகரமென்று காண்பான் அளவையிலே திரிகின்றான். பொருளிற் பிறந்த திரிபு பொருளை நெருங்கிய அளவில் நீங்கும். அளவையிற் பிறந்த திரிபோ, அளவை இதுவென்று ஒருவர் உணர்த்தினாலன்றி நீங்காது. இதனால், முன்னையதினும் பின்னையது பெரிதும் அஞ்சத்தக்கது.

இனி உரோமாபுரியை எடுத்துக்கொள்வாம். அந்நகரத்தார் தாமே தம் நகரின் படத்தைச் சலவைக்கல்லிற் பொறித்து வைத்தனர். செப்திமியு செவேரு என்னும் பேரரசன் காலத்தில், கி.பி. 203-க்கும் 211-க்கும் இடையில், ஏறத்தாழ 18 மீட்டர் அகலமும் 13 மீட்டர் உயரமும் உடைய சுவரொன்றில் 150 கற்பலகைகள் பதித்து, 240-இல் ஒரு பங்கு என்னும் அளவில் நகரம் முழுதும் வரையப்பட்டது. கோயில், கூத்தரங்கு, கடை, வீடு, படிக்கட்டு முதலியவற்றின் நிலமட்ட வடிவம் அதன்கண் காணப்படும். பிற்காலத்தே அக்கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சிதைந்தன. 1562-இல் துண்டுகள் சில கண்டெடுக்கப்பட்டன. பத்தில் ஒரு பங்கின் அளவே இன்று எஞ்சியுளது. 2024 ஜனவரியில் அத்துண்டுகளுக்கெனத் தனி அருங்காட்சியகம் ஒன்று உரோமில் திறக்கப்பட்டது.

இக்கற்படம் ஆராய்ச்சியாளர்க்குப் பெருந்துணை ஆவது யாண்டெனின், அது அந்நகரத்தை நேரிற் கண்டார் செய்தது என்பதனாலேயாம். ஆயினும் அது கூறாதொழிந்த செய்தி ஒன்றுண்டு, அதுவே உயரம். எக்கட்டடம் எத்துணை நிலை உடையது, எச்சுவர் எந்நிறம் உடையது, எக்கூரை எவ்வாறு சரிந்தது என்பவற்றை அக்கற்படத்தினின்று எவரும் அறிதல் இயலாது. நகரத்தை நேரிற் கண்டார் கூறாது விட்டதனை ஆயிரத்தெழுநூறு ஆண்டு கழிந்து பிறந்தார் வரைந்து காட்டுகின்றனர் எனின், எவ்வளவையாற் காட்டுகின்றனர் என்று வினவுதல் கடனன்றோ?

ரொடோல்போ லான்சியானி என்பார் அகழ்ந்து கண்ட எச்சங்களையெல்லாம் தொகுத்து, 1893 முதல் 1901 வரை, 46 தாள்களில், 1000-இல் ஒரு பங்கு அளவில் ஒரு பெரும்படம் வெளியிட்டார். அதனையும் பிறவற்றையும் அடிப்படையாகக் கொண்டு, இதாலோ ஜிஸ்மோந்தி என்னும் கட்டடக் கலைஞர் கான்ஸ்தந்தீன் காலத்து உரோமாபுரியைச் சாந்தினால் 250-இல் ஒரு பங்கு அளவிற் செய்தமைத்தார். 1930-களில் தொடங்கிய அவ்வேலை 1970-களின் தொடக்கம் வரை விரிந்து வந்தது. உலகிற் செய்யப்பட்ட நகர வடிவங்களுள் அதனினும் உழைப்பு மிக்கது அரிது. பின்னர் 2007-இல், பெர்னார்டு பிரிஷர் முதலியோர் அவ்வடிவத்தை லேசர் ஒளியால் அளந்து, கி.பி. 320-ஆம் ஆண்டு உரோமாபுரி என்று கணிப்பொறியிற் காட்டினர். ஏறத்தாழ 7,000 கட்டடங்கள் அதன்கண் உள. அவற்றுட் சான்றுகொண்டு தனித்தனியே வரையப்பட்டன சிறுபான்மையே. எஞ்சிய பெரும்பான்மை, இன்ன பகுதியில் இன்ன வகை வீடுகள் இருந்திருத்தல் கூடும் என்னும் அளவில் நிரப்பப்பட்டனவேயாம். இதனை அவ்வறிஞர் தாமே மறையாது கூறியுள்ளனர். கூறியது அவர்தம் கட்டுரைகளில். காண்பார் காண்பதோ படத்தை. படத்தின்கண் ஏழாயிரமும் ஒரே தெளிவோடு ஒரே வெயிலில் நிற்கின்றன.

அப்படத்திற்கு அவர் இட்ட பெயர் மறுபிறப்புற்ற உரோம் என்பது. மறுபிறப்பு என்னும் சொல்லைச் சைவர் எளிதிற் கையாளார். உயிர் ஒன்றாய் நிற்ப, வினைக்கீடாக உடல் வேறாதலே மறுபிறப்பு. இங்கே பழைய உடலின் சாயல் ஒன்று தோன்றியதல்லது, அவ்வுடலில் நின்ற உயிர் மீண்டதில்லை. பெயரிட்டார் உபசாரமாக இட்டார் என்று கொண்டு அமைதலே தகும்.

கருதலளவையின் இலக்கணத்தை இனி நோக்குவாம். சித்தியார் ஏதுவை இயல்பு, காரியம், அனுபலத்தி என மூன்றாக வகுக்கும். புகையாகிய காரியங்கண்டு தீயாகிய காரணம் உண்டென்று துணிதல் யாவரும் அறிந்தது. குடத்தைக் கண்டு குயவன் ஒருவன் உளன் என்று துணிவதும் அத்தகையதே; உலகினைக் கண்டு அதற்கு முதல்வன் உண்மையைச் சித்தாந்த நூல்கள் நிறுவுவதும் இம்முறையானேயாம். ஆயின் குடத்தைக் கண்டார்க்குக் குயவன் உண்மை துணியப்படுமன்றி, அவன் உடுத்த ஆடையின் நிறம் துணியப்படுமோ? படாது. புகையினாற் றீயின் உண்மை பெறப்படுமன்றி, அத்தீயிற் காய்ந்தார் எத்துணையர் என்பது பெறப்படாது. கருதலளவை உண்மையைத் துணிவிக்கும். தனிப்பட்ட விகற்பங்களைத் துணிவிக்கமாட்டாது. இவ்வெல்லை கடந்தவிடத்து அது கருதல் எனப்படாது, கற்பனை எனவே படும்.

இதற்கு விசயநகரம் நல்லதோர் எடுத்துக்காட்டு. 1565-ஆம் ஆண்டுப் போரின் பின்னர் அழிவுற்ற அந்நகரின் அரண்மனைப் பகுதியில், பத்துக்குப் பத்தாக நூறு தூண்கள் நின்ற அடையாளத்தோடு கூடிய மண்டபத்தளம் ஒன்றுண்டு. தூண்கள் மரத்தாலாயின, ஆதலின் அழிந்தன. தூண் நின்ற இடங்களும், மேலே ஏறுதற்குரிய கற்படிக்கட்டின் பகுதியும் எஞ்சியுள்ளன. படிக்கட்டு உண்மையின் அஃது ஏறிச் சென்ற மேல்நிலை ஒன்று உண்மை பெறப்படும். பகலில் உண்ணாதான் உடல் பருத்திருப்பின் இரவில் உண்டான் என்று கோடல் போல்வதாகிய இஃது அருத்தாபத்தியின்பாற் பட்டு, கருதலுள் அடங்கும். இத்துணையும் ஐயமற்றது. ஆயின் அம்மேல்நிலையின் கூரை கூம்பியதோ தட்டையோ, ஓடு வேய்ந்ததோ செப்புத்தகடு போர்த்ததோ, தூண்களிற் பொறித்த உருவம் யாளியோ கொடியோ என்பன படிக்கட்டினாற் பெறப்படா. அக்காலத்தை ஒட்டி வேறிடங்களில் எழுந்த கட்டடங்களை ஒப்பு நோக்கி வரைவார், ஒப்பினால் வரைந்தேம் என்று கூறுதல் வேண்டும். ஜிஸ்மோந்தியும், உரோமின் துறைநகராகிய ஒஸ்தியாவில் அகழ்ந்து கண்ட பன்னிலை வீடுகளைத் தாம் நன்கறிந்தவராகலின், அவற்றின் சாயலை உரோமாபுரி வீடுகளுக்கு ஏற்றினார். ஒஸ்தியா வீடு ஒஸ்தியாவுக்கு மெய்; உரோமுக்கு ஒப்பு. மெய்யும் ஒப்பும் ஒரே சாந்தினால் ஆகிய பின்னர் அவற்றைப் பிரித்தறிவார் யார்?

உரையளவையைப் பற்றி ஆராயின், வியப்பான செய்தி ஒன்று புலனாகும். கண்ணாற் காணப்படும் எச்சங்கள் மிக்க நகரத்தைப் பற்றி உரை குறைந்திருத்தலும், எச்சம் ஏதுமற்ற நகரப்பகுதியைப் பற்றி உரை மிக்கிருத்தலும் உண்டு. உரோமாபுரியின் பகுதிகளைப் பற்றி நான்காம் நூற்றாண்டில் தொகுத்த பட்டியல்கள் இரண்டு உள. அவை 46,000-க்கு மேற்பட்ட குடியிருப்புக்களையும், 1,800-க்குச் சற்றுக் குறைந்த தனி மாளிகைகளையும் எண்ணிக் கூறும். அவ்வெண்ணாற் குறிக்கப்பட்டது முழுக்கட்டடமோ அதன்கண் ஒரு கூறோ என்பது அறிஞரிடை இன்றும் வழக்காக உளது. எண் உண்டு, எண்ணப்பட்ட பொருள் இன்னதென்ற துணிபு இல்லை. கேட்ட உரையின் பொருள் ஐயமாக நிற்ப, அவ்வுரையின் வழி வரைந்த படம் எங்ஙனம் துணிபாகும்?

தஞ்சையின் நிலை இதற்கு மறுதலை. முதலாம் இராசராச சோழன் எடுத்த இராசராசேச்சரத்தில் அவன் ஆட்சியின் இருபத்தொன்பதாம் ஆண்டளவிற் பொறித்த கல்வெட்டு ஒன்று, பல ஊர்த் திருக்கோயில்களினின்றும் கொணர்ந்து குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரை எண்ணிக் கூறுகின்றது. கூறுமிடத்துத் தொகையாகக் கூறி ஒழியாது, தெற்குத் தளிச்சேரி, வடக்குத் தளிச்சேரி எனச் சேரியும், இன்ன சிறகு எனத் தெருவின் பக்கமும், முதல் வீடு, இரண்டாம் வீடு என வீட்டின் வரிசையும், அவ்வீட்டிற் குடிபுகுந்தாள் பெயரும், அவள் முன்னிருந்த ஊரும் ஒவ்வொன்றாக விதந்தோதுகின்றது. அவருட் பலர் பெயர்முன் நக்கன் என்னும் சிவபிரான் திருப்பெயர் நிற்கும். ஒருத்திக்கு ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல் பங்காக வரையறுக்கப்பட்டது. அவரைத் தொடர்ந்து நட்டுவரும், இசைகாரரும், கணக்கரும், தையற்காரரும், தச்சரும், வண்ணாரும், நாவிதரும் தத்தம் பங்கோடு குறிக்கப்பட்டுள்ளனர்.

பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு நகரத்தின் ஒரு பகுதியிற் குடியிருந்தார் இவர் இவர் என வீடுதோறும் அறிதல் உலகில் வேறெத்துணை நகரங்களுக்கு வாய்த்தது! ஆயின் அவ்வீடுகளுள் ஒன்றேனும் இன்று இல்லை. அவற்றின் அகலம் யாது, கூரை யாது, முற்றம் உண்டோ இல்லையோ என்பவற்றைக் கல்வெட்டுக் கூறவில்லை. இராசராசன் காலத்துத் தஞ்சையென்று வரையப்படும் படங்களில் விண்ணளாவும் விமானம் நடுவே நிற்ப, அதனைச் சூழ ஒன்றுபோல் ஒன்றாகிய வீட்டுக்கூரைகள் பெயரற்றுப் பரந்து கிடக்கும். உரையளவையால் மிகத் தெளிவாக அறியப்பட்டது படத்தில் மிக மங்கலாகவும், எவ்வளவையானும் அறியப்படாத கூரைவடிவம் படத்தில் தெளிவாகவும் தோன்றுதல் எத்துணை முறைமாற்றம்! வடிவுடையனவே படத்திற்கு வரும்; பெயரும் பங்கும் கடமையும் படத்திற்கு வாரா. அது கலைஞர் குற்றம் அன்று, அக்கலையின் எல்லை. எல்லையை எல்லையென்று அறியாது, படத்தில் வாராதது நகரத்தில் இல்லாதது என்று கோடலே குற்றம்.

காலத்தைப் பற்றிய வழு வேறொன்று. படம் ஒரு நாளின் தோற்றத்தையே காட்டும். நகரமோ ஒரு நாளில் நிற்பதன்று. தஞ்சைப் பெருங்கோயிலில் விமானம் இராசராசனது. அம்மன் கோயில் பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பாண்டியர் காலத்தது. முருகன் கோயில் நாயக்கர் காலத்தது. கருவறையைச் சூழ்ந்த நடைவழிச் சுவரில் நாயக்கர் கால ஓவியத்தின் கீழே சோழர் கால ஓவியம் மறைந்திருந்ததனை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். ஒரே சுவரில் இரண்டு காலம் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றது. கி.பி. 1010-ஆம் ஆண்டின் தஞ்சை என்று வரைவான், அம்மன் கோயிலையும் முருகன் கோயிலையும் துடைத்தெறிந்தே வரைதல் வேண்டும். வரலாற்று முறையில் அது செம்மையே. ஆயின் அவ்வாறு துடைத்த படத்தைப் பலகாலும் கண்டு பழகினார், உள்ள கோயிலைக் காணுங்கால் பின்னோர் சேர்த்தவற்றை மிகையென்றும் மாசென்றும் எண்ணத் தலைப்படின், அதனின் விளையும் தீங்கு சிறிதன்று.

தீங்கு விளைந்தமைக்குச் சான்று உரோமாபுரியிலேயே உண்டு. முசோலினியின் ஆட்சியில் பழைய பேரரசின் பெருமையை மீட்டும் காட்டுதல் வேண்டுமென்று கொலோசியத்தினின்றும் நகரின் நடுவிடம் வரை ஓர் அகன்ற பெருந்தெரு வகுக்கப்பட்டு, 1932 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதன்பொருட்டு, இடைக்காலந்தொட்டு மக்கள் வாழ்ந்து வந்த வீடுகளும் தெருக்களும் இடித்து நிரவப்பட்டன. ஆண்டு வாழ்ந்தார் பலர் நகரின் புறத்தே போக்கப்பட்டனர். 1937-இல் அகஸ்து என்னும் பேரரசன் பிறந்து இரண்டாயிரம் ஆண்டு நிறைந்தமை பற்றி நிகழ்ந்த பெருங்கண்காட்சியில் ஜிஸ்மோந்தியின் வடிவம் வைத்துக் காட்டப்பட்டது. கலைஞர் உழைப்பும் புலமையும் ஐயத்திற்கு இடமற்றன. ஆயினும் அவ்வடிவத்தை அன்று காட்டினார் காட்டிய கருத்து வேறு. இறந்தாருடைய நகரம் பெரிதென்று காட்டுதற்கு இருந்தாருடைய நகரம் இடிக்கப்பட்டது. சாந்தினாற் செய்த வீடுகள் நின்றன. சுண்ணமும் செங்கல்லும் கொண்டு உயிருள்ளார் வாழ்ந்த வீடுகள் வீழ்ந்தன.

பாரத நாட்டிலும் இதனோடு ஒருவாற்றான் ஒப்பதொரு நிகழ்ச்சி உண்டு. அம்பியில் விருபாக்ஷேசுவரர் திருக்கோயில் விசயநகரம் அழிந்த பின்னும் வழிபாடு நிகழ்ந்து வருவது. அதன் முன்னே ஏறத்தாழ முக்கால் கிலோமீட்டர் நீளமுள்ள தேர்த்தெருவின் இருமருங்கும் கற்றூண் மண்டபங்கள் நிற்கும். அம்மண்டபங்களில் வீடும் கடையும் அமைத்து வாழ்ந்தாரை 2011 ஜூலையில் அதிகாரிகள் அப்புறப்படுத்திக் கட்டடங்களை இடித்தனர். தொன்மைச் சின்னங்களைக் காத்தலே அதற்குக் கூறப்பட்ட காரணம். கற்றூண்களுக்குக் கேடு நேராமற் காத்தல் கடமையே; அதனை எவரும் மறார். ஆயின், காக்கப்படும் பழமை யாது என்னும் வினா நிற்கின்றது. 1520-ஐ ஒட்டி அந்நகரத்தை நேரிற் கண்ட தொமிங்கோ பாயிசு என்னும் போர்த்துகீசியர், அக்கோயில் வாயிலின் முன்னே அழகிய வீடுகள் நிறைந்த தெரு இருந்ததென்றும், வழிபட வருவார் அவற்றில் தங்கினர் என்றும், அரசனுக்கும் அத்தெருவில் ஓர் இல்லம் உண்டென்றும் எழுதி வைத்துள்ளார். கண்டார் உரைத்த உரைப்படி அது மாந்தர் தங்கிய தெரு. ஆளற்ற தூண்வரிசையாகிய தோற்றம், அழிவின் பின்னர் வந்ததேயன்றி விசயநகரத்தின் தோற்றம் அன்று. வெறுந்தூண்களையே பழமையெனக் கொள்வார், உரையளவையைக் கைவிட்டுப் படத்தையே அளவையாகக் கொண்டவர் ஆவர்.

சைவர்க்கு இது வெறும் வரலாற்று வழக்கு அன்று. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம், மெய்யடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே கண்டு தொழுக என ஒருங்குவைத்து விதிக்கும். அடியாரை நீக்கிக் கோயிலை மாத்திரம் கோடல் அவ்விதிக்கு உடன்பாடன்று. பழநகர்ப் படங்கள் பலவற்றில் கோயில் பெரிதாக நிற்கும், தொழுவார் இரார், இருப்பினும் அளவு தோன்றுதற்பொருட்டு நிறுத்திய எறும்பொத்த உருவங்களாகவே இருப்பர். விளக்கில்லாத கருவறையும் ஓதுவாரில்லாத மண்டபமும் கட்டடம் எனப்படுமன்றி ஆலயம் எனப்படா. இதனை வரைவார் உணராவிடினும் காண்பார் உணர்தல் வேண்டும்.

இனித் தடை சில எழும். புலவர் நகரச் சிறப்புக் கூறுங்கால் வானளாவும் மாடம் என்றும் திங்கள் தவழும் கொடியென்றும் புனைந்துரைத்தல் இல்லையோ? அவர் புனைவை ஏற்பார் ஓவியர் புனைவை மறுப்பது என்னையெனின், அற்றன்று. புலவர் புனைவு புனைவென்றே கேட்பார்க்கு விளங்கி நிற்கும். திங்களைக் கொடி தீண்டிற்றென்று எவரும் மயங்கார். ஓவியர் புனைவோ அளவுகோலும் ஆண்டெண்ணும் பூண்டு வருதலின் மயக்கம் விளைக்கும். அன்றியும், சேக்கிழார் சுவாமிகள் திருவாரூரின் திருநகரச் சிறப்பை எதனாற் காட்டினார் என்று நோக்குக. மனுநீதிச் சோழன் முறைசெய்த வரலாற்றையே அதற்குப் பொருளாக்கினார். கன்றிழந்த பசு ஒன்று கொம்பினால் அசைத்த மணியின் ஓசையில் அந்நகரத்தின் பெருமை முழுதும் அடங்கிற்று. மதிலின் உயரம் அறியாதாரும் அந்நகர் எத்தகையது என்று அறிந்தனர்.

அற்றேல், இப்படங்களால் பயன் இல்லையோ எனின், உண்டு. நுண்ணிய அருந்ததியைக் காட்டப் புகுவான் முதலில் அருகே ஒளிரும் பெரிய மீனைக் காட்டி, அதன்வழிக் கண்ணைச் செலுத்தி, பின் அருந்ததியைக் காட்டுவான். பிறைமதியைக் காட்டுவான் மரக்கிளையைச் சுட்டி, அதன் நேரே நோக்குக என்பான். இவை நூல்களிற் பயின்ற நியாயங்களாம். பழநகர்ப் படம் அக்கிளை போல்வது. பிறை நோக்காது கிளையையே பிறையென்று கொண்டு மீள்வான் பேதையாவான். அதுபற்றிக் கிளை வேண்டா என்றல் அதனினும் பேதைமை. மண்மேட்டையும் உடைந்த செங்கல்லையும் மாத்திரம் காட்டி நகரத்தை உணர்த்துதல் இளையார்க்கு அரிது. படம் அவர் கண்ணை ஈர்க்கும். ஈர்த்தபின், கண்டதனுள் எது எவ்வளவையாற் பெறப்பட்டது என்று ஆசிரியர் வினவிப் பயிற்றுவாராயின், படமே அளவை நூலின் பாடமாகும்.

இத்துறை வல்லாரும் இதனை ஒருவாற்றான் உணர்ந்துள்ளனர். 2006-இல் தொடங்கி 2009-இல் திருத்தம் பெற்ற லண்டன் சாசனமும், 2011-இல் வகுத்த செவில் நெறிகளும், கணிப்பொறிப் படம் செய்வார் தாம் கொண்ட சான்றினையும், சான்றினின்று முடிபுக்குச் சென்ற வழியினையும் எழுதி வைத்தல் வேண்டும் என்றும், துணிபும் ஊகமும் காண்பார்க்கு வேறுபடத் தோன்றுதல் வேண்டும் என்றும் விதிக்கின்றன. மேனாட்டார் தம் தொழில் அனுபவத்தாற் கண்ட இவ்விதி, நம் அளவை நூலார் பொருளாராய்ச்சிக்கு முதற்படியாக வைத்ததனோடு முழுதும் ஒத்திருத்தல் மகிழ்தற்குரியது. ஆயின் விதி ஏட்டளவில் நிற்றல் போதாது. அருங்காட்சியகத்தில் தொங்கும் படத்திலும் சிறுவர் கையிலுள்ள நூலிலும் அவ்வேறுபாடு கண்ணுக்குப் புலனாதல் வேண்டும்.

அதற்கு வழி அரிதன்று. இன்றும் நிற்கும் கல்லும் அகழ்ந்து கண்ட அடித்தளமும் காட்சியாற் பெறப்பட்டன. அவை ஒரு நிறம் பெறுக. படிக்கட்டினால் மேல்நிலையும், தூண்குழியினால் தூணும் போல ஏதுவாற் றுணியப்பட்டன மற்றொரு நிறம் பெறுக. கல்வெட்டும் கண்டார் குறிப்பும் கூறுவன வேறொரு நிறம் பெறுக. அவற்றோடு அக்கூற்றும் அருகே எழுதப்படுக. இம்மூன்றனுள் அடங்காதன வெறுங்கோட்டளவில் நிற்க. இவ்வாறு வரைந்த தஞ்சைப் படத்தில் விமானம் நிறைந்த வண்ணத்தோடு நிற்கும். தளிச்சேரி வீடுகள் வெறுங்கோடாக நிற்பினும், ஒவ்வொன்றன் மேலும் அதன்கண் வாழ்ந்தாள் பெயரும் ஊரும் எழுத்தில் விளங்கும். அப்படம் இப்போதுள்ளவற்றினும் அழகிற் குறைந்ததாகலாம். ஆயினும், அறிந்ததனை அறிந்ததென்றும், கருதியதனைக் கருதியதென்றும், அறியாததனை அறியாததென்றும் அது சொல்லும். அத்தகைய படங்களை வேண்டிப் பெறுதல் பள்ளிகளை நடத்துவார்க்கும் திருக்கோயில் வரலாறு வெளியிடுவார்க்கும் கடன் என்க.